இடுப்பு வலி: ஸ்கேனுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள்

இடுப்பு வலி என்று மருத்துவரிடம் போகிறவர்களில் ஏறக்குறைய 100க்கு 90 பேருக்கு, ‘இது கெட்டுப்போனதால்தான் வலிக்கிறது’ என்று ஓர் எலும்பையோ டிஸ்க்கையோ (முள்ளெலும்புகளுக்கு நடுவே உள்ள மெத்தை) விரல் வைத்துக் காட்ட முடியாது. கீழ்முதுகில் வலி கிளம்பக்கூடிய இடங்கள் நிறைய. தசை, தசைநார், டிஸ்க்கின் வெளிவளையம், முள்ளெலும்புகளின் பின்பக்கம் உள்ள சிறு மூட்டுகள் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. எது வலிக்கிறது என்று வலிக்கிறவராலேயே பிரித்துச் சொல்ல முடிவதில்லை, படத்திலும் தெரிவதில்லை. குறிப்பிட்ட காரணம் இல்லாத இடுப்பு வலி என்று மருத்துவர்கள் இதை வகைப்படுத்துகிறார்கள்.

கேட்பவருக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். இவ்வளவு வலிக்கிறது, காரணம் தெரியாது என்கிறாரே என்று தோன்றும். ஆனால் முறையாகக் கேட்டு, தொட்டுப் பார்த்துவிட்டு ஒரு மருத்துவர் அப்படிச் சொன்னால், புற்று இல்லை, சீழ் இல்லை, எலும்பு முறிவு இல்லை, நரம்பு நசுங்கவில்லை என்பதெல்லாம் அதற்குள் அடக்கம். பெரும்பாலும் சில வாரங்களில் குறையும் என்பதும் அடக்கம். இடுப்பு வலியில் நோயறிதல் என்பதே முக்கால்வாசி இப்படி விலக்கிக்கொண்டு வருகிற வேலைதான். அந்த வேலையைச் செய்வது கேள்விகளும் கைச்சோதனையும். ஸ்கேன் அதற்குப் பிறகுதான் வர வேண்டும், பலருக்கு வரவே வேண்டியதில்லை.

நடைமுறையில் வரிசை தலைகீழாக இருக்கிறது. பிடித்துக்கொண்ட வாரமே எம்.ஆர்.ஐ., அதன் அறிக்கையில் நாலு வரி, அந்த நாலு வரியைப் பார்த்துப் பயம், பயத்தில் படுக்கை. 2020இல் உலகம் முழுக்கச் சுமார் 61.9 கோடிப் பேருக்கு இடுப்பு வலி இருந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். 2050இல் அது 84 கோடியைத் தாண்டும் என்பது மதிப்பீடு. மனிதர்களை நடமாட்டம் குறைத்து முடக்கிப்போடும் காரணங்களில் உலக அளவில் முதலிடம் இதற்குத்தான். இத்தனை பேரையும் தவறான வாசல் வழியாக உள்ளே அனுப்பினால் என்ன ஆகும் என்பதுதான் என் கவலை.

படத்தில் தெரிவதும் வலிப்பதும்

1994இல் ஓர் அமெரிக்க ஆய்வுக்குழு, இடுப்பு வலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தது. எல்லா மட்டத்திலும் டிஸ்க் சரியாக இருந்தவர்கள் 36 சதவீதம்தான். பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் குறைந்தது ஓர் இடத்திலாவது டிஸ்க் பிதுங்கியிருந்தது. 27 சதவீதம் பேருக்கு அது இன்னும் தெளிவாகத் துருத்திக்கொண்டிருந்தது. இவர்கள் யாருக்கும் வலி இல்லை என்பதை மறுபடியும் சொல்கிறேன்.

2015இல் இப்படிப்பட்ட ஆய்வுகளையெல்லாம் சேர்த்து, வலியில்லாத 3,110 பேரின் படங்களை வயது வாரியாக அடுக்கினார்கள். டிஸ்க் தேய்மானம் 20 வயதில் 37 சதவீதம், 80 வயதில் 96 சதவீதம். டிஸ்க் பிதுக்கம் 20 வயதில் 30, 80 வயதில் 84. தலை நரைப்பதைப் போல வயதோடு வருகிற மாற்றம் என்றுதான் இதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகளில் இன்னொன்றும் தெரிந்தது. டிஸ்க் தேய்வதில் பரம்பரைக்கு இருக்கும் பங்கு பெரியது. வாழ்நாள் முழுக்கச் சுமை தூக்கியதற்கும் வண்டி ஓட்டியதற்கும் நாம் நினைத்த அளவு பங்கு இல்லை.

படத்தைப் படிப்பதிலும் ஒற்றுமை கிடையாது. 63 வயதுப் பெண் ஒருவரை மூன்று வாரத்துக்குள் 10 வெவ்வேறு ஸ்கேன் மையங்களுக்கு அனுப்பிப் பார்த்த ஓர் ஆய்வு இருக்கிறது. பத்து அறிக்கைகளிலும் சேர்த்து 49 விதமான குறைகள் எழுதப்பட்டிருந்தன. பத்திலும் பொதுவாக இருந்த குறை ஒன்றுகூட இல்லை. முதுகு அதே முதுகுதான்.

‘எல்4-எல்5 மட்டத்தில் டிஸ்க் பிதுக்கம், நரம்புறையை லேசாக அழுத்துகிறது’ என்ற வரியை எடுத்துக்கொள்ளுங்கள். எல்4-எல்5 என்பது இடுப்புப் பகுதியின் நான்காவது, ஐந்தாவது முள்ளெலும்புகளுக்கு இடையிலான இடம். வலது கால் பெருவிரலைத் தூக்க முடியாமல், வலி அதே காலின் வெளிப்பக்கமாக இறங்கிப் பாதத்தின் மேல்புறம் வரை போகிற ஒருவருடைய அறிக்கையில் இந்த வரி இருந்தால் அதற்குப் பொருள் உண்டு. காலில் எதுவும் இல்லாமல், இடுப்பில் மட்டும் பிடிப்போடு வந்தவருடைய அறிக்கையில் அதே வரி பெரும்பாலும் தற்செயல். நோயாளியைப் பார்க்காமல் இந்த வரியைப் படித்து யாராலும் பலன் சொல்ல முடியாது.

சரி, எதற்கும் எடுத்துப் பார்த்துவிடலாமே, நஷ்டம் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. 2001இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், வாரக்கணக்கில் வலித்துக்கொண்டிருந்த 421 பேரில் பாதிப் பேருக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள், மற்றவர்களுக்கு எடுக்கவில்லை. மூன்று மாதம் கழித்து, எடுத்துக்கொண்டவர்கள்தான் வலி இன்னும் இருக்கிறது என்று அதிகம் சொன்னார்கள், மருத்துவரையும் அதிகம் பார்த்தார்கள். ஆனால் ஒன்பதாவது மாதம் கேட்டபோது, கிடைத்த கவனிப்பில் திருப்தியும் அவர்களுக்கே அதிகம். எனக்கு இந்த முடிவு மிகவும் முக்கியமாகப் படுகிறது. படம் மனசுக்கு ஆறுதல் தருகிறது, உடம்புக்கு உதவுவதில்லை. அந்த ஆறுதலை மருத்துவர் உட்கார்ந்து பேசித் தர வேண்டியிருக்கிறது, அதற்கு நேரம் ஒதுக்க வேண்டும்.

எந்த வலியை விட்டுவிடக்கூடாது

ஸ்கேனே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சிலருக்கு அன்றைக்கே வேண்டும்.

முதலில் கேட்க வேண்டியது சிறுநீர், மலம் பற்றி. தண்டுவடத்தின் கீழ்முனையிலிருந்து இறங்கும் நரம்புக்கொத்து நசுங்கினால், சிறுநீர்ப்பை நிரம்பியும் போக முடியாது, அல்லது தெரியாமலே கசியும். மலத்தை அடக்க முடியாமல் போகலாம். கழுவும்போது அந்த இடத்தில் கை படுவதே மரத்தமாதிரி இருக்கும். இரண்டு காலும் பலவீனமாகலாம். பாலுறவில் உணர்ச்சி குறைந்துபோவதும் இதன் அறிகுறி. கூச்சப்பட்டுச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள், கூச்சப்பட்டுக் கேட்காமலும் விட்டுவிடுகிறார்கள். மணிக்கணக்கில் தாமதித்தாலும் நிரந்தரமாகச் சிறுநீர்க் கட்டுப்பாடு போய்விடக்கூடிய நிலை இது. இதில் ஒன்று புதிதாக வந்தாலும் நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

அடுத்து, முன்பு புற்றுநோய் இருந்திருக்கிறதா? மார்பகம், புராஸ்டேட், நுரையீரல் இவற்றில் வந்த புற்று முதுகெலும்புக்குப் பரவும் இயல்புள்ளது. அப்படிப்பட்டவருக்குப் புதிதாக வரும் இடுப்பு வலியை வெறும் பிடிப்பு என்று அனுப்பக்கூடாது. காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, காசநோய் வந்த வரலாறு, நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகள் இருந்தால் தொற்றைத் தேட வேண்டும். வயதானவர்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்தவர்கள், எலும்பு மெலிந்தவர்கள் விஷயத்தில் லேசாகச் சறுக்கி உட்கார்ந்ததுகூட முள்ளெலும்பை நசுக்கியிருக்கலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் தேவை. 50 வயதுக்கு மேல் என்பதும் இரவில் வலிக்கிறது என்பதும் தனித்தனியாக வந்தால் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. பல அறிகுறிகள் சேர்ந்து வருகின்றனவா, வாரத்துக்கு வாரம் ஏறுகிறதா என்பதுதான் மருத்துவரை நிமிர்ந்து உட்கார வைக்கும்.

முதுகிலிருந்தே வராத வலிகளும் உண்டு. சிறுநீரகக் கல் வலி அலையலையாக வரும். எப்படிப் படுத்தாலும் அடங்காது, ஆள் புரண்டுகொண்டே இருப்பார். முதுகுப் பிடிப்புக்காரருக்கோ ஏதாவது ஒரு வாட்டத்தில் படுத்தால் சற்று நிம்மதி கிடைக்கும். புகைபிடிக்கும் வயதான ஆணுக்கு வயிறும் முதுகும் சேர்ந்து திடீரென்று கிழிகிற மாதிரி வலித்தால், பெருந்தமனி வீக்கத்தை (வயிற்றில் உள்ள பெரிய ரத்தக்குழாய் புடைத்திருப்பதை) நினைத்துக்கொண்டு ஓட வேண்டும். அக்கி, கொப்புளம் வருவதற்குச் சில நாள் முன்னாலேயே எரிச்சல் வலியாகத் தலைகாட்டும்.

இந்தப் பட்டியலில் மிக அதிகமாகத் தவறவிடப்படுவது இளவயதினரின் அழற்சி வாதம். 40 வயதுக்குள், பெரும்பாலும் இருபதுகளில், மெதுவாகத் தொடங்கும். எந்த நாளில் ஆரம்பித்தது என்று சொல்லத் தெரியாது. காலையில் எழுந்தால் இடுப்பு அரைமணி நேரத்துக்கு மேல் இறுகிக்கிடக்கும், நடமாட நடமாட இளகும். ஓய்வெடுத்தால் குறையாது, கூடும். பின்னிரவில் வலி எழுப்பிவிட்டு, எழுந்து நடந்தால்தான் அடங்கும். பிட்டத்தில் ஒரு பக்கம் வலித்து, சில வாரம் கழித்து மறுபக்கம் வலிக்கும். கூடவே கண் சிவந்து வலிப்பது, சொரியாசிஸ், நாள்பட்ட வயிற்றுப்போக்கு, குதிகால் வலி, குடும்பத்தில் யாருக்காவது இதே நோய் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. சாதாரணப் பிடிப்புக்கு நேர் எதிரான நடத்தை இது. ஆனாலும் ‘இந்த வயசில் என்ன முதுகுவலி’ என்று தட்டிக்கழிக்கப்பட்டு, ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்று தெரியவருவதற்குள் பலருக்கு வருடங்கள் ஓடிவிடுகின்றன. எக்ஸ்ரேயில் தெரிவதற்குப் பல வருடம் முன்பே முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் மூட்டு எம்.ஆர்.ஐ.யில் காட்டிக்கொடுக்கலாம். முதுகுத்தண்டு ஒட்டி விறைத்துப்போகும் முன்னரே தொடங்கக்கூடிய மருந்துகள் இன்று இருக்கின்றன. ஸ்கேன் உண்மையிலேயே வேண்டியவர்களில் இவர்களும் உண்டு.

பத்து நிமிடக் கைச்சோதனை

காலுக்கு இறங்கும் வலி, அதாவது சியாட்டிகா, தனிக் கவனிப்பு கேட்கிறது. நல்ல மருத்துவர் முதலில் நடக்கச் சொல்வார். குதிகாலில் நாலு அடி, நுனிக்காலில் நாலு அடி. குதிகாலில் நிற்க முடியாமல் முன்பாதம் தொய்ந்தால் நான்காவது, ஐந்தாவது இடுப்பு நரம்புகளின் பக்கம் கோளாறு. நுனிக்காலில் எழும்ப முடியாவிட்டால் முதல் திருவெலும்பு (முதுகெலும்பின் அடியில் உள்ள முக்கோண எலும்பு) நரம்பு. அப்புறம் உட்கார வைத்து, பெருவிரல் மேல் தன் விரலை வைத்து அழுத்தியபடி, ‘என்னை எதிர்த்துத் தூக்குங்கள்’ என்பார். இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுவார். முழங்காலிலும் கணுக்காலின் பின்நாணிலும் சின்னச் சுத்தியலால் தட்டி, கால் உதறுகிறதா என்று பார்ப்பார். முழங்காலுக்குக் கீழே உட்புறம், பாதத்தின் மேல்புறம், பாதத்தின் வெளியோரம் என்று மூன்று இடத்தில் தொட்டு மரத்துப்போயிருக்கிறதா என்று கேட்பார்.

கடைசியில் மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலை மடக்காமல் காலைக் கையால் மெல்லத் தூக்குவார். 30இலிருந்து 70 பாகைக்குள் முழங்காலைத் தாண்டிக் கீழே சுரீரென்று இறங்கினால் நரம்புவேர் உறுத்தப்படுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். பின்தொடை மட்டும் இழுக்கிறது என்றால் அது தசை இறுக்கம், கணக்கில் வராது. வலியில்லாத காலைத் தூக்கும்போது வலிக்கிற காலில் சுரீரென்றால் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவது ஏறக்குறைய உறுதி. இவ்வளவுக்கும் ஒரு சுத்தியல் போதும்.

வயதானவர்களிடம் இன்னொரு கேள்வி. கொஞ்சதூரம் நடந்தால் இரண்டு காலும் கனத்து, மரத்து, நிற்க வேண்டியதாகி, குனிந்தாலோ உட்கார்ந்தாலோ சரியாகிவிடுகிறதா? தள்ளுவண்டியைப் பிடித்துக் குனிந்தபடி நடந்தால், சைக்கிள் மிதித்தால் தொந்தரவு இல்லையா? அப்படியானால் தண்டுவடக் கால்வாய் குறுகியிருக்கலாம். கால் ரத்தக்குழாய் அடைப்பிலும் நடந்தால் வலிக்கும். ஆனால் அதில் சும்மா நின்றாலே போதும், குனிய வேண்டியதில்லை.

முதல் சில வாரங்கள்

படுத்துக்கிடப்பதுதான் வெகுகாலம் முதல் சிகிச்சையாக இருந்தது. 1986இல் 203 பேரை வைத்து, 2 நாள் படுக்கையையும் 7 நாள் படுக்கையையும் ஒப்பிட்டார்கள். இரண்டு நாளோடு எழுந்தவர்கள் 45 சதவீதம் குறைவான வேலைநாட்களையே இழந்தார்கள், வேறு எதிலும் பின்தங்கவில்லை. 1995இல் ஹெல்சிங்கியில் இன்னொரு படி போனார்கள். ஒரு குழுவுக்கு இரண்டு நாள் படுக்கை, ஒரு குழுவுக்கு முதுகுப் பயிற்சிகள், ஒரு குழுவுக்கு ‘வலி விடுகிற அளவுக்கு வழக்கமான வேலையைப் பாருங்கள்’ என்ற அறிவுரை மட்டும். மூன்றாவது குழுதான் வேகமாகத் தேறியது.

ஆகவே முதல் நாள் எழவே முடியவில்லையென்றால் படுங்கள், அதில் தப்பில்லை. மறுநாளிலிருந்து வீட்டுக்குள்ளேயாவது அடிக்கடி எழுந்து நடக்க வேண்டும். ஒரே வாட்டத்தில் நீண்ட நேரம் இருப்பதைத் தவிர்க்க வேண்டும். சூடான ஒத்தடம் ஓரளவு உதவும், கெடுதல் இல்லை. அசையும்போது வலிப்பதாலேயே உள்ளே ஏதோ கிழிகிறது என்று ஆகிவிடாது. இந்த ஒன்றை நோயாளிக்குப் புரியவைப்பது மாத்திரை எழுதித் தருவதைவிடக் கடினமான வேலை, அதைவிடப் பலனுள்ள வேலையும்கூட.

மாத்திரைகளைப் பற்றிச் சுருக்கமாக. 2014இல் ஆஸ்திரேலியாவில் 1,652 பேரிடம் பாராசிட்டமாலைச் சோதித்தார்கள். எடுத்தவர்கள் தேற 17 நாள், மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்கள் தேற 16 நாள். ஐபுரூஃபென் வகை மாத்திரைகள் கொஞ்சம் கேட்கும். ஆனால் வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. எடுப்பவர்களும் குறைந்த அளவில் குறைந்த நாட்களுக்கே எடுக்க வேண்டும். 2023இல் 347 பேரிடம் நடந்த ஆய்வில் ஓபியாய்டு (அபின் வகை) வலிநிவாரணி போலி மாத்திரையைவிட எதிலும் மேலாக இல்லை. சியாட்டிகாவுக்கு வழக்கமாக எழுதித்தரும் பிரிகாபலின் என்ற நரம்பு வலி மருந்தும் 2017 ஆய்வில் போலி மாத்திரையை மிஞ்சவில்லை, தலைச்சுற்றலைத்தான் அதிகமாக்கியது.

கால் வலியும் கத்தியும்

டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று உறுதியானால்கூட உடனே அறுவை என்று அர்த்தமில்லை. வெளியே வந்த டிஸ்க் துண்டை உடம்பு அன்னியப் பொருளாகக் கருதி மெல்ல அரித்துக் கரைத்துவிடுகிறது. பெரிதாகப் பிதுங்கி முழுசாகத் துண்டித்து வெளியே கிடப்பதுதான் நன்றாகக் கரைகிறது, லேசான பிதுக்கம் அப்படியே இருந்துவிடும். படத்தில் பயங்கரமாகத் தெரிவது தானாகச் சரியாக அதிக வாய்ப்புள்ளது என்பது பலருக்கும் நம்ப முடியாத செய்தி.

2007இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், 6 முதல் 12 வாரம் கடுமையான சியாட்டிகாவோடு இருந்த 283 பேரில் பாதிப் பேருக்குச் சீக்கிரமே அறுவை, மீதிப் பேரைப் பொறுத்துப் பார்க்கச் சொன்னார்கள். அறுவை செய்தவர்களுக்குக் கால் வலி வேகமாக விட்டது. பொறுத்தவர்களில் 39 சதவீதம் பேர் பிறகு அறுவைக்குப் போனார்கள், மற்றவர்களுக்குத் தேவைப்படவில்லை. ஒரு வருட முடிவில் இரண்டு பக்கமும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். ஆக, அறுவை வாங்கித் தருவது நேரத்தை. வலியில் தூக்கமில்லாமல், வருமானமில்லாமல் தவிப்பவருக்கு அந்த நேரம் பெரிய விஷயம். தாங்கக்கூடியவர் காத்திருக்கலாம். முடிவு நோயாளியுடையது. பாதம் தொய்வது நாளுக்கு நாள் அதிகமானாலோ சிறுநீர் நின்றாலோ மட்டும் இந்தப் பேச்சுக்கு இடமில்லை.

காலில் எதுவும் இல்லாத, இடுப்பு வலி மட்டும் உள்ளவர்களுக்குத் திருகு போட்டு முள்ளெலும்புகளை இணைக்கும் அறுவை வேறு கதை. நல்ல மறுவாழ்வுப் பயிற்சியோடு ஒப்பிட்டபோது அது தெளிவான மேன்மை எதையும் காட்டவில்லை. யாராவது இதைப் பரிந்துரைத்தால் இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்பது நல்லது.

மூன்று மாதத்தைத் தாண்டினால்

12 வாரத்துக்கு மேல் நீடிக்கும் வலியில் நரம்பு மண்டலமே கூர்மையாகிவிடுகிறது. முன்பு வலிக்காத அசைவுகளும் வலிக்கத் தொடங்கும். யாருக்கு இப்படி நீடிக்கும் என்று முன்கூட்டிக் கணிக்கும்போது, எம்.ஆர்.ஐ. படத்தைவிட வேறு விஷயங்கள் நன்றாகச் சொல்கின்றன: குனிந்தால் கெட்டுவிடும் என்ற பயம், மனச்சோர்வு, தூக்கமின்மை, வேலையிடத்து நெருக்கடி, இனி தேறவே மாட்டேன் என்ற நம்பிக்கையின்மை. இதைச் சொன்னால், ‘அப்ப எல்லாம் என் மனப்பிரமையா?’ என்று நோயாளி காயப்படுகிறார். அந்தக் காயம் நியாயமானது. வலி உண்மை. பயமும் தூக்கமின்மையும் அந்த உண்மையான வலியின் அளவைக் கூட்டுகின்றன, அவ்வளவுதான். அவற்றைக் கவனித்தால் வலி குறையும் என்பதால்தான் கேட்கிறார்கள்.

2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட இடுப்பு வலிக்கென்று முதல்முறையாக வழிகாட்டுதல் வெளியிட்டது. உடற்பயிற்சி, வலியைப் பற்றிய விளக்கக் கல்வி, உளவியல் சிகிச்சை, ஓரளவு கைச்சிகிச்சை ஆகியவற்றுக்கு ஆதரவு. இடுப்பு பெல்ட், டிராக்‌ஷன் (முதுகை இழுத்துப் பிடித்தல்), அல்ட்ராசவுண்ட் சிகிச்சை, மின்தூண்டல், ஓபியாய்டு ஆகியவற்றை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றது. பிசியோதெரபி என்ற பெயரில் கருவிக்கு அடியில் படுக்க வைத்து மட்டும் அனுப்புகிற இடத்தில் நேரத்தைச் செலவழிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எந்த உடற்பயிற்சி சிறந்தது என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. யோகா, தசை வலுவூட்டல், நீச்சல், நடை, எதை ஒருவரால் ஆறு மாதம் விடாமல் செய்ய முடியுமோ அது. வலியில்லாத நாளில் அளவுக்கு மீறிச் செய்துவிட்டு மறுநாள் சுருண்டு படுப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. நல்ல நாளோ கெட்ட நாளோ, வைத்த அளவையே செய்து, வாரத்துக்குக் கொஞ்சம் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

இடுப்பு வலி வந்துபோனவருக்கு மறுபடி வருவது சகஜம். 2024இல் வெளியான ஓர் ஆய்வு, தேறிய 701 பேரை எடுத்து, ஒரு பகுதியினரைப் பிசியோதெரபிஸ்ட் வழிகாட்டலில் நடக்க வைத்தது. படிப்படியாகக் கூட்டி வாரத்தில் ஐந்து நாள், 30 நிமிடம் என்பது இலக்கு. நடக்காதவர்களில் பாதிப் பேருக்கு 112 நாளுக்குள் வலி திரும்பியது. நடந்தவர்களில் பாதிப் பேருக்குத் திரும்ப 208 நாள் ஆனது. திரும்பி வருகிற வலி போனதடவை மாதிரியே இருந்தால் அதே வழியில் போகலாம். காலில் புதிதாகப் பலவீனம், மரத்துப்போதல், காய்ச்சல், எடைக்குறைவு, சிறுநீர்த் தொந்தரவு என்று எது சேர்ந்திருந்தாலும் பழைய அறிக்கையை நீட்டிப் பயனில்லை. முதல் கேள்வியிலிருந்து மறுபடி தொடங்கச் சொல்லி மருத்துவரிடம் கேட்க வேண்டும்.